கவனமானி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாக நடந்த ஒரே காரியம், எங்கள் அலுவலகத்துக்காக நான் எழுதிய 'கவனமானி' என்ற மென்பொருள்தான்.

ஊழியரின் கணினியில் வேலைக்கான விண்டோ முன்னால் இருக்கிறதா என்று அது நிமிடத்துக்கொரு முறை பார்க்கும். வேறு ஏதாவது முன்னால் இருந்தால் 'கவனச் சிதறல்' என்று பதியும். மாதக் கடைசியில் மதிப்பெண் குறைந்தவர் வீட்டுக்குப் போகலாம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

முதல் மாதமே அதிசயம். பதினொரு வருடமாக நாற்காலியை விட்டு நகராத டைப்பிஸ்ட் அக்காவுக்கு நூற்றுக்கு நான்கு. வாயைப் பிளந்து தூங்கும் மேனேஜரின் மச்சானுக்கு நூற்றுக்கு நூறு.

அக்காவை அனுப்புவதை முடிவுசெய்ய மூன்று மணிக்குக் கூட்டம். காலையிலேயே அக்கா என் மேசைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நான் தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கலப்பா. எங்கயோ தப்பு இருக்கு, கொஞ்சம் பாரேன். இந்த வேலையும் போச்சுன்னா பிள்ளைங்க படிப்பு நின்னுடும்."

பார்த்தேன். அரைமணியில் பிடிபட்டது. யாராவது தட்டச்சு செய்தால், 'கவனமாக இருக்கிறீர்களா?' என்று அன்போடு விசாரிக்க ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தேன். பெட்டி முன்னால் வரும், வேலை விண்டோ பின்னால் போகும். உடனே கவனமானி, அக்காவின் கவனம் சிதறிவிட்டதாக எழுதிக்கொள்ளும். தூங்குகிறவரைத் தொந்தரவு செய்வது பண்பல்ல என்பதால் மச்சானுக்குப் பெட்டி வருவதே இல்லை.

மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், அக்கா கவனத்தைக் கெடுக்கிறதே நம்ம பெட்டிதான் சார். ஒரு வரி மாத்தினா சரியாயிடும்."

"அருமை! மாத்திடு. ஆனா ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயாச்சே. தப்புன்னு ஒத்துக்கிட்டா, அக்காவுக்குப் பதிலா யாராவது போகணுமே. அந்த சாஃப்ட்வேரை எழுதினது யாருப்பா?"

அவருடைய நிர்வாகத் திறமையே திறமை. ஒரே கேள்வியில் என் சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்தன.

'தொழில்நுட்பக் கோளாறு ஏதுமில்லை' என்ற தீர்மானம் கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவன் நான். வெளியே வந்ததும் அந்த ஒரு வரியை மாற்றினேன்.

மாலையில் அக்கா பையோடு வந்து நின்றார்.

"பாத்தியா தம்பி? தப்பு எதுவும் கிடைக்கலையா?"

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டுப் போகும்வரை, நான்கு நிமிடம், அப்படியே இருந்தேன். அந்த நான்கு நிமிடத்துக்கும் கவனமானி எனக்கு முழு மதிப்பெண் கொடுத்தது. ஒரு கோழையை இத்தனை துல்லியமாக அளந்த கருவி உலகத்தில் வேறு இல்லை.