நாய் கால் வைக்காத தரை

குயிலாப்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலை பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கால்களில் முழங்கால் வரை செம்மண் சேறு. எதிரே சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரர், அதை ஏதோ வைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். முதல் வேலையில் காலையில் சேர்ந்து மத்தியானத்துக்குள் துரத்தப்பட்டவனுக்கு அன்று கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அப்போது பிளஸ் ஒன். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். மரக்காணத்தில் வீட்டுக்கு நானே தலைவன், நானே காவலாளி. சோறு வடிக்கத் தெரியும். வடித்ததை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது என்பதுதான் தெரியவில்லை. (நாலு பேர் பேச்சைக் கேட்கலாமே என்று ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பியதுண்டு.)

சனி, ஞாயிறு வேலை கேட்டு குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனபோது, வேலை செய்பவர்கள் எல்லாரும் சமையற்கட்டுக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தட்டிலிருந்த மீனை இன்னொருவர் எடுக்க, ஒரே கூச்சல். சம்பளம் கேட்க மறந்துவிட்டேன். "மதியச் சாப்பாடு இங்கதானேண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

முதலாளி செல்வம் அண்ணன் சனிக்கிழமை காலை என்னைப் புது அறை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். மேஸ்திரி முந்தின நாள்தான் மண் தரை போட்டிருந்தார். (காசு கொடுத்து மண் தரையில் தங்க ஆட்கள் வருகிறார்களாம்.)

"தம்பி, காயற வரைக்கும் பாத்துக்க. ஆடு, நாயி எதுவும் கால் வெக்கக் கூடாது. விரிசல் கிரிசல் வந்தா கவனி, இன்னா?"

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் உப்புப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சுமுன் களிமண் தரையைக் காலால் மிதித்தே இறுக்குவார்கள். விரிசல் கண்டால் தண்ணீர் தெளித்து மறுபடி மிதிப்பார்கள். நான் மிதித்ததில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் மிதிப்பதை வரப்பில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன். அதனால் மூலையில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியதும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டேன். குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி, குதிகால் ஒட்ட ஒட்ட, பின்னால் நகர்ந்து நகர்ந்து, சுவருக்குச் சுவர் மிதித்தேன். நடுவில் ஒரு நாய் எட்டிப் பார்த்தது. கல்லெறிந்து விரட்டினேன். கடமையில் குறையில்லை.

செல்வம் அண்ணன் திரும்பி வந்து வாசலில் நின்றார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"டேய்! நாயி வராம பாத்துக்கன்னுதானேடா சொன்னேன்!"

"நாய் வரலண்ணே."

"வந்திருந்தா நாலு கால் தடத்தோட போயிருக்கும்டா! நீ திருவிழாவே நடத்தி வெச்சிருக்கியே!"

சமையற்கட்டிலிருந்து எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். சிரித்தார்கள். சமையல்கார அக்கா மட்டும், "சாப்ட்டுட்டாவது போ தம்பி" என்றாள்.

"பசிக்கலக்கா" என்றேன். தெருமுனை வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உப்பளத்துக்குப் போனேன். ஆணும் பெண்ணுமாய் வரிசையாக நின்று பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் முருகேசன் மாமாவிடம் வேலை கேட்டேன்.

"ஏம்பா, பாத்தி மிதிச்சிருக்கியா?"

"இல்ல மாமா. நேத்து ஒரு ரூம் மிதிச்சேன்."

வரிசை மொத்தமும் நின்றுவிட்டது. முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் கால்கள் மறுபடி அசைந்தன. (பிறகு படிப்பை விட்டு, ஊர் ஊராய் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். எப்போது திரும்பினாலும், "இப்ப எந்த ஊர்ல ரூமு மிதிக்கிற?" என்றுதான் விசாரிக்கிறார்கள். அம்மாவும்தான்.)

"சரி, ஓரமா போய் நில்லு" என்றார் மாமா.

"ஐயோ, ஓரத்துல விடாதீங்க" என்றாள் வரிசையிலிருந்த ஒரு அக்கா. "அப்டியே மிதிச்சிக்கினே எவன் வூட்டுக்குள்ளயாவது பூந்துடுவான். டேய், நடுவுல வாடா."

இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். நடுவில் போய் நின்றேன்.