ஜப்பான் வாள்தட்டுக்கு நிக்கல் முலாம்

சொந்தத் தம்பி நன்றாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சகலை நன்றாக இருந்தால் சோறு இறங்காது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை (படித்ததே மூணாங்கிளாஸ்). அனுபவம்.

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் முலாம் பட்டறை வைத்திருந்தேன். சைக்கிள் ஹேண்டில்பாரோ, டாக்டர் வீட்டுக் கத்திரிக்கோலோ, என் கை பட்டால் அதில் முகம் பார்க்கலாம். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் நான். சிதம்பரத்துச் சகலை சிகாமணியோ பி.ஏ., ஃபேன் காற்றில் உத்தியோகம். மாமனார் அவனைப் பார்த்தால் நாற்காலி போடுவார். என்னைப் பார்த்தால் ஒழுகுகிற குழாயைக் காட்டுவார்.

மாமனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே போட்டோ ஸ்டுடியோ நடத்திய ஜப்பான்காரர் ஒருவர், தன் குடும்பத்துப் பழைய வாள்களில் இருந்த இரண்டு இரும்புத் தட்டுகளை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். கை வழுக்கி அலகில் படாமலிருக்கப் பிடிக்கு மேலே மாட்டுகிற வட்டத் தட்டு. இரண்டும் ஜோடி, இரண்டிலும் ஒரு தும்பி. மாமனார் மாப்பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தார். (அவனுக்குப் பெரியது, எனக்குச் சின்னது. வயிறு எரியாதா?)

அந்த ஜப்பான்காரர் சிதம்பரம் கோயில் பார்க்க வருவதாகவும், சிகாமணி வீட்டில் சாப்பாடு என்றும் தகவல் வந்தது. மாமனார் சொன்னார்: "ஜோடியப் பிரிச்சது தப்பு மாப்புள. யாரு நல்லா வச்சிருக்கீங்கன்னு அவரு சொல்றாரோ, ரெண்டும் அவுங்களுக்கு."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சிகாமணியின் தட்டு தோசைக்கல் மாதிரி கறுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"நம்முளுதும் அந்தக் கருப்புலதான் அழகா இருக்கு" என்றாள் என் மனைவி செண்பகம்.

"அது துருடி. தொழில் தெரியாம பேசாத."

எமரித்தாள் போட்டுத் தேய்த்தேன். மேடாக நின்ற தும்பி மெருகுச் சக்கரத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதையும் வழித்துச் சமமாக்கினேன். பிறகு நிக்கல் தொட்டியில் இறக்கினேன்.

சிதம்பரத்தில் ஜப்பான்காரர் முதலில் சிகாமணியின் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்தார். கறுப்புக்குள்ளிருந்து தும்பி பொன்னாக எழுந்து வந்தது. அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், வேறு காரணத்துக்காக.

என் தட்டைப் பட்டுத்துணியிலிருந்து எடுத்தேன். எதிர்ச்சுவரில் ஒளி வட்டம் ஓடியது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ கேட்டார்.

"என்னா சொல்றாரு மாமா?"

"இன்னொரு தட்டு எங்கன்னு கேக்குறாரு."

"இதான் அதுன்னு சொல்லுங்க."

மாமனார் சொன்னதும் அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். பாராட்டு என்று நானும் குனிந்தேன். (சாவு வீட்டில் குனிகிற மாதிரி குனிந்தாராம். மாமனார் பிறகு சொன்னார்.)

"அந்தக் கருப்பு துரு இல்ல மாப்புள" என்றார் மாமனார். "கொல்லனே ஏத்துன நெறம். அதுமேல தலமொற தலமொறயா கை பட்டுப் படிஞ்சிருக்கு. சும்மா துணியால தொடச்சா போதுமாம்."

"முலாம உரிச்சிடலாம் மாமா, சின்ன வேல."

"உரிக்கலாம். அந்தத் தங்கத் தும்பிய எங்கேர்ந்து கொண்டாருவீங்க?"

சிகாமணி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். "நான் சோம்பேறித்தனமா அப்படியே போட்டு வச்சேன் சகல, வேற ஒண்ணுமில்ல" என்றான். உழைத்தவன் தோற்றுச் சோம்பேறி ஜெயித்த கூடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

இரண்டு தட்டும் அவன் அலமாரிக்குப் போயின. என் முலாம் இன்றுவரை ஒரு பொட்டு உரியவில்லை, அதையாவது எழுதிக்கொள்ளுங்கள்.

பல வருஷம் கழித்து, பேரன் கல்யாணத்துக்காக நரைத்த தலைக்குப் பூச மை வாங்கி வந்தேன். செண்பகம் உடனே தங்கை வீட்டுக்குப் போன் போட்டாள். சிகாமணி பேசினான்: "சகல, கை வைக்காதீங்க. வருசக்கணக்கா படிஞ்சது, போனா வராது."

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் முகத்துக்குப் பவுடர் எடுத்தாலும் இதே பேச்சுதான். கல்யாணப் போட்டோவில் வெள்ளைத் தலையோடு நான் நிற்கிறேன். பக்கத்தில் சிகாமணி. அந்த வயதிலும் அவனுக்கு ஒரு நரை இல்லை.