படம் எடுக்கக் கூடாதவர்

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, நகரின் நடுவிலுள்ள ஓட்டலில் கண்காணிப்புக் கேமரா தயாரிப்பாளர்களின் ஆண்டு மாநாடு தொடங்கியது. தலைப்பு: ‘தனியுரிமை காப்போம்’.

காய்ச்சல் என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பிய விற்பனையாளர் ஒருவர், கறுப்புக் கோட்டுடன் வரவேற்பு மேசை முன் நின்றார். போட்டிக் கம்பெனி இயக்குநர் மத்தியானம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். புது வேலை கைக்கு வருவதற்குள் பத்திரிகையில் முகம் வந்துவிட்டால் பழைய வேலை போய்விடும். மேனேஜர் இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. மறுநாள் பேப்பரில் யார் யார் போனார்கள் என்று பார்ப்பதோடு சரி.

"படம் எடுக்கலாம்னா பச்சைப் பட்டை, வேண்டாம்னா சிவப்பு," என்றாள் ஊடகப் பிரிவுப் பெண்.

"சிவப்பே குடுங்கம்மா."

அரங்கில் மற்ற எல்லார் கழுத்திலும் பச்சை. கண்காணிக்கப்படுவதில் அங்கே யாருக்கும் ஆட்சேபணை இல்லை. படத்தில் தொப்பை தெரியாவிட்டால் போதும்.

"சிவப்பு சார், கொஞ்சம் நகருங்க!" என்று ஒரு புகைப்படக்காரர் கத்தினார். நகர்ந்த இடத்தில் இன்னொருவர் கத்தினார். மூன்றாவது கத்தலுக்கு மேடையில் இருந்தவர்களே எட்டிப் பார்த்தார்கள்.

விற்பனையாளர் தூணுக்குப் பின்னால் போய்ப் பட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். பளிச்! தலைநரைத்த புகைப்படக்காரர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"யோவ், என்னை ஏன்யா எடுத்தீங்க?"

"கழுத்துல சிவப்பு இல்லையே சார்."

விற்பனையாளர் வரவேற்பு மேசைப் பெண்ணிடமே திரும்ப ஓடினார். "அம்மா, இனிமே யாரும் என்னைப் படம் எடுக்கக் கூடாது. ஏதாவது பண்ணுங்க."

"பண்ணிடலாம் சார். இப்படித் திரும்புங்க." அவள் போனை உயர்த்தினாள்.

"இது எதுக்கு?"

"உங்க முகம் தெரிஞ்சாதானே உங்கள எடுக்காம இருக்க முடியும்?"

நியாயமாகத்தான் பட்டது. திரும்பினார்.

"கண்ணாடியக் கழட்டுங்க. கொஞ்சம் சிரிங்க."

சிரித்தும் தொலைத்தார்.

"இத யாருக்கும்மா அனுப்புறீங்க?"

"மாநாட்டுக் குழுவுக்கு. கேமராக்காரங்க, வந்த கம்பெனி, வராத கம்பெனி, எல்லா மேனேஜருங்களுக்கும். யார் கையிலதான் இப்ப போன் இல்ல? ‘இவர் ரகசியமாக வந்திருக்கிறார், படம் எடுக்க வேண்டாம்’னு தெளிவாப் போட்டுட்டேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர்: ‘காய்ச்சலுக்குக் கோட்டு பிரமாதம். நாளையிலிருந்து நிரந்தரமாக ஓய்வெடுங்கள்.’

விற்பனையாளர் நேரே போய்த் தலைநரைத்தவரின் சட்டையைப் பிடித்தார்.

"எல்லாம் உன்னாலதான்யா! அந்தப் படத்தையாவது அழிச்சுத் தொலை. நாளைக்குப் பேப்பர்ல வேற வந்து நாறணுமா?"

"எந்தப் பேப்பர்ல சார்?" அவர் நிதானமாகச் சட்டையை விடுவித்துக்கொண்டார். "பத்திரிகைக்காரங்க ஒருத்தர்கூட வரல. மாநாடு பரபரப்பாத் தெரியட்டும்னு எங்களக் கூட்டிட்டு வந்து சும்மா பளிச் பளிச்சுனு அடிக்கச் சொன்னாங்க. எங்க யார் கேமராவுலயும் படம் பதியுற மெமரி கார்டே கிடையாது. இன்னிக்கு இங்கேர்ந்து வெளிய போன ஒரே படம் உங்களோடதுதான்."