அணையாத ஏசியும் ஓயாத மாமனாரும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் பாவாடை எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். முட்டி மட்டும் வலிக்கிறது, காரணம் கீழே வரும்.

போனில் உங்களிடம் நேராகப் பேசக் கூச்சம், அதனால் ஓட்டல் பையன் கையில் இந்தக் கடிதம். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் நீங்கள் செய்த கரண்டு மிச்சம் பிடிக்கும் பெட்டியை இந்த ஓட்டலில் ஓர் அறை ஏசியில் மாட்டி, எங்களையே மூன்று நாள் தங்க வைத்து, திருப்தியாக இருந்தால் முப்பது அறைக்கும் ஆர்டர் என்று ஓட்டல்காரர்கள் சொன்னார்கள் அல்லவா, அதை எப்படியாவது உங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தோம். பெட்டியைப் பற்றி நீங்கள் அரை மணி நேரம் விளக்கினீர்கள். மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் நாள் பெரிய மார்க்கெட் போய்த் திரும்பினால் ஏசி அணைந்து கிடக்கிறது. நாங்கள் நுழைந்ததும் ஓடியது. மத்தியானம் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தோம், மறுபடி அணைந்தது. "ஏங்க, மாப்பிள்ள பொட்டி படுத்துக்கிச்சே, மேனேஜர் பொண்ணு பாத்தா ஆர்டர் போயிடுமே" என்று உங்கள் அத்தை கலங்கிவிட்டாள். கையை ஆட்டினேன், ஓடியது. ஆக, ஆள் அசைந்தால்தான் அதற்கு உயிர் என்று தெரிந்துகொண்டு, நான் வேலை பார்த்த மில்லில் மாதிரி ஷிப்டு போட்டோம். என் ஷிப்டில் நான் துண்டைச் சுழற்றியபடி நடப்பேன், அவள் தூங்குவாள். அவள் ஷிப்டில் ஒரே புடவையை மடித்துப் பிரித்து மடிப்பாள், நான் தூங்குவேன். டிபன் சாப்பிடக்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனோம். ஜன்னலில் கடல் தெரிகிறது, சேர்ந்து போக வழியில்லை. "மில்லுலகூட இப்படி நின்னதில்ல" என்றேன். "நம்ம சிந்துஜா புருஷனுக்குத்தான, நடங்க" என்றாள்.

இன்று காலை கருத்துப் புத்தகத்தில், 'ஏசி இரண்டு நாளாக ஒரு நிமிடம்கூட அணையவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஆர்டர் உங்களுக்குத்தான்.

நீங்களும் சிந்துஜாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், பட்டறை ஓயாமல் ஓட வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார் பாவாடை

பி.கு.: மேனேஜர் செந்தமிழ்ச்செல்வி புத்தகத்தைப் படித்துவிட்டு மேலே வந்தது. "அய்யா, ஆளில்லன்னா அணையறதுதாங்க அதோட வேல. முப்பது ரூம்லயும் ஒங்க ரூம்லதான் கரண்டு அதிகமா ஓடியிருக்கு" என்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல பெண், சிரித்துவிட்டு இன்னும் இரண்டு நாள் கொடுத்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவரையும் பெட்டி ஆளாக மதிக்க வேண்டுமாம், அதை மட்டும் நாளை வந்து சரிசெய்யுங்கள். மற்றபடி அது நன்றாக அணைய வேண்டும் என்பதற்காக இன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து கடற்கரைக்குப் போகிறோம். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் எங்கள் ஷிப்டு ஒத்துவந்தது இப்போதுதான். போன் செய்ய வேண்டாம். அத்தை பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.