அதுவா பாத்துக்கும்

ஜனவரி 9: சொட்டும் குழாய்க்கு வாஷர், ரூ.12. வாங்கவில்லை.
மார்ச் 2: ஊறிப்போன அலமாரிக்குப் புதுப் பலகை, 3,450.
மார்ச் 17: சொத்தைப் பல்லை அடைக்க, 600. போகவில்லை.
ஜூன் 30: அந்தப் பல்லையும் அதற்குப் பக்கத்துப் பல்லையும் பிடுங்க, 5,200.

ஆளைக் கண்டுபிடித்திருப்பீர்கள். உலகத்தில் சோம்பேறி உண்டு, கஞ்சன் உண்டு, இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. இவர் உழைப்பார், செலவழிப்பார், ஆனால் எதிலும் தலையிடமாட்டார். தொட்டிலில் குழந்தை அழுதாலும், கூரையில் விரிசல் விட்டாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், தலையைத் தூக்காமல் ஒரே வாக்கியம்: "அதுவா பாத்துக்கும்." பால் அந்த வாக்கை ஒருமுறையும் காப்பாற்றியதில்லை.

நம்மவர் லாரி முதலாளி. முதலாளி என்றால் ஒரே ஒரு லாரி. லாரி செட்டில் அவருக்கு "அதுவா" என்றே பெயர். "அதுவா வந்தாச்சா?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, அதுவா டீ குடிக்குது" என்று பதில் வரும்.

இப்படிப்பட்டவர் கையில் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி கிடைத்தால்? பிறவிப் பயன் கிடைத்ததாகவே நினைப்பார். பழைய லாரியைத் தள்ளிவிட்டுத் தவணையில் புதியதை எடுத்த அன்றே டிரைவரை அனுப்பிவிட்டார்.

"கிளட்ச் இல்ல, கியர் மாத்துற வேலை இல்ல. அப்புறம் டிரைவர் எதுக்கு, வேடிக்கை பாக்கவா?"

பிழைப்பு ஒரே வாடிக்கையில் நின்றது. மலைமேல் இருக்கும் பீங்கான் தொழிற்சாலையிலிருந்து கழிப்பறைக் கோப்பைகளை அடிவாரத்துக் கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். உடைசல் அதிகம் என்று தொழிற்சாலை இரண்டு கடிதம் போட்டாயிற்று. மூன்றாவது வந்தால் ஒப்பந்தம் ரத்து என்பது இரண்டாவதிலேயே இருந்தது. ஒப்பந்தம் போனால் தவணை நிற்கும். தவணை நின்றால் லாரி போகும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொள்வதோடு தன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்தானே!

அன்று புது லாரியின் முதல் நடை, வண்டி நிறையக் கோப்பைகள். பக்கத்தில் மனைவியின் தம்பி, சரக்கு இறக்க வந்தவன். இறக்கம் தொடங்குமிடத்தில் ஒரு பலகை: "கனரக வாகனங்கள் குறைந்த கியரில் செல்லவும்."

"மாமா, லீவரை மேனுவல்ல போட்டு ரெண்டாவது கியர்ல புடிச்சு வைங்க. இஞ்சின் பிரேக் சுவிட்சையும் போட்டுடுங்க."

"அது பழைய வண்டிக்கு எழுதுன பலகை, மச்சான். இதுக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. அதுவா பாத்துக்கும்."

கம்ப்யூட்டரும் பார்த்தது. மனிதர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார், வண்டியோ ஓடுகிறது; சொகுசுப் பயணம் போலிருக்கிறது, டீசலையாவது மிச்சம் பிடிப்போம் என்று கியரை ஏற்றியது. வேகம் கூடியது, இன்னும் ஏற்றியது. மேல் கியரில் வண்டியை இழுத்துப் பிடிக்க இஞ்சினுக்கு வலு ஏது? பிடிக்கிற வேலை மொத்தமும் பிரேக்கின் தலையில் விழுந்தது. நம்மவர் பெடலை மிதித்தார். மிதித்த கால் மிதித்தபடியே மூன்று வளைவுகள். நான்காவதில் ஒரு நாற்றம்.

"மாமா, ஏதோ கருகுது."

"எவனாவது குப்பை எரிப்பான்."

"அந்தக் குப்பை நம்மகூடவே வருதே மாமா!"

கண்ணாடியில் பார்த்தால் சக்கரத்திலிருந்து புகை. பெடல் காலுக்கடியில் இருந்தது. பிரேக்தான் எங்கேயோ போய்விட்டது. அப்போது நம்மவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் தலையிட்டார். லீவரைப் பிடித்துக் கியரை இறக்கப் பார்த்தார். கியர்பாக்ஸ் மறுத்துவிட்டது. இந்த வேகத்தில் இறக்கினால் இஞ்சின் சிதறிப்போகும் என்பது அதற்குத் தெரியும்.

ஆக, அவர் இத்தனை நாள் சொன்னது பொய்யில்லை. அது பார்த்துக்கொண்டது. தன்னைப் பார்த்துக்கொண்டது.

"மச்சான், என்னடா பண்றது?"

"கைய எடுங்க மாமா!"

இப்படிப்பட்ட புண்ணியவான்களுக்காகவே பிரேக் போன வண்டி ஏறிச் சிக்கி நிற்கட்டும் என்று சாலையோரத்தில் சரளைக்கல் கொட்டி ஒரு மேடு வைத்திருப்பார்கள். மச்சான் எட்டி ஸ்டீயரிங்கை அதற்குள் திருப்பினான். லாரி அச்சுவரை புதைந்து நின்றது. பின்னால் கோப்பைகள் ஒன்றோடொன்று நலம் விசாரிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அது அடங்கியதும் நம்மவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா? அதுவா நின்னுடுச்சு."

மச்சான் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனான்.

தொழிற்சாலையிலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. மனைவி கொண்டுவந்து நீட்டினாள்.

"பிரிங்களேன். நேர்ல போய்க் காலைப் புடிச்சாலாவது லாரி மிஞ்சும்."

"அந்த அலமாரில வை. ரெண்டு நாள் போனா அவங்க கோவம் அதுவா..."

அவள் வைத்தாள். புதுப் பலகைதான், இன்னும் பல வருஷம் தாங்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், போன மாதத்திலிருந்து எரிகிற உங்கள் வண்டியின் மஞ்சள் விளக்கையும், மாடி ஏறும்போது மட்டும் வருகிற அந்த நெஞ்சுவலியையும், இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கும் உறையையும் ஒருமுறை பாருங்கள். உறையின்மேல் என்ன தேதி என்றும் பாருங்கள். அவருக்கு அந்த மூன்றாவது கடிதம் வந்தது செப்டம்பர் 12. பிரிக்கவில்லை.