அறுபது அண்ணனும் என் தம்பியின் ஹாரனும்

ஒரு விளையாட்டைக்கூட விளையாடாமல், ஒரு தோட்டத்தின் எல்லா விளையாட்டையும் கெடுத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் அறுபது அண்ணன்தான். அப்படி இன்னொருவர் உங்கள் பக்கம் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். ஒருவரைத் தாங்கியதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மலேசியாவில் லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தோட்டத்தை ஒட்டி எண்ணெய் ஆலை. ஆலை வாசலில் லோரிகளை ஏற்றி எடை போடும் மேடை, அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அறைக்குள் அறுபது அண்ணன். பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு எடை பார்ப்பார். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பும்போது இன்னொரு எடை பார்ப்பார். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் குலையின் எடை. இருபது வருஷமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கழித்துக்கொண்டே இருந்த மனிதருக்குக் கூட்டல் மறந்துபோயிருக்க வேண்டும்.

அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலே தெரியும். கண்ணாடி இல்லை, பின் சீட்டு இல்லை, சக்கரத்தின் மேலிருக்கும் மட்கார்டும் இல்லை. "தேவையில்லாதத எடுத்துட்டா மீதி வேகமா ஓடும் லா" என்பார். ஓடியது உண்மைதான். மழைநாளில் ஆலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினால், இடுப்பிலிருந்து பிடரி வரை சட்டையில் ஒரே நேர்கோடாகச் செம்மண் ஏறியிருக்கும். அந்தச் சட்டையோடு என் மனைவி மலர் துவைத்து விரித்த மெத்தை நாற்காலியில்தான் உட்காருவார்.

அறுபது என்பது வயதல்ல. கணினியில் விளையாட்டு ஓடும்போது, ஒரு நொடிக்கு எத்தனை படம் திரையில் மாறுகிறது என்று மூலையில் ஒரு எண் காட்டும். எண் குறைந்தால் படம் திக்கித் திக்கி ஓடும், கூடினால் வழுக்கிக்கொண்டு போகும். அந்த எண் அறுபதைத் தொடவேண்டும் என்பதுதான் அண்ணனின் வாழ்நாள் லட்சியம். விளையாட்டில் யார் ஜெயித்தார், யார் செத்தார் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்வை மூலையிலேயே இருக்கும்.

முதல் பலி, எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அவர் ஓய்வாக இருக்கும்போது கணினியில் பந்து விளையாடுவார். அண்ணன் போய் உட்கார்ந்து பார்வையாளர்களை எடுத்தார், புல்லை எடுத்தார், நிழலை எடுத்தார், கடைசியில் திரைத் தெளிவையும் குறைத்தார். இரண்டு அணியின் ஜெர்சியும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. மண்டோர் பிரமாதமாக ஒரு கோல் போட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஆடிவிட்டு வந்து பார்த்தால், அது தன் பக்கத்து வலைக்குள்ளேயே போட்ட சொந்த கோல்.

"டேய் அறுபது! என் டீம் எதுடா?"

"அதெல்லாம் எதுக்கு மண்டோர்? நம்பர பாருங்க, நாப்பத்தெட்டு!"

இவ்வளவும் தெரிந்திருந்தும் நானே அந்த மனிதரை வீட்டுக்குள் கூப்பிட்டேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தின் பேர் சிவா, என் கூடப்பிறந்த தம்பி.

சிவா சிங்கப்பூரில் வேலை செய்கிறான். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. ஷிப்ட் மாற்றித் தரமாட்டேன் என்றார்களாம். அந்தக் கோபத்தில் நான் போனில், "அப்ப இனிமே இந்த வீட்டுப் படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் என்னுடையது, வைராக்கியம் அவனுடையது. இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காட்டுப் பாதையில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு அழைப்பு வந்தது. சிவாவின் பேர். ஏற்றுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே அணியில் ஓட்டினோம். பேசவில்லை, என் மைக்கை நான் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. முடிந்ததும் அவன் கார் என் கார் பக்கத்தில் வந்து நின்று இரண்டு ஹாரன் அடித்தது. நானும் இரண்டு ஹாரன் அடித்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு அப்படித்தான். எனக்கும் என் தம்பிக்கும் இருந்த மொத்தப் பேச்சு வார்த்தை வாரத்துக்கு நாலு ஹாரன்.

என் கணினியோ லுக்குட் டவுனில் வாங்கிய பழசு. மூலை எண் இருபத்திரண்டைத் தாண்டாது. பாதிப் பாதையில் திரை உறைந்து என்னை வெளியே தள்ளிவிடும். சிவா நான் வேண்டுமென்றே போய்விட்டேன் என்று நினைத்துவிட்டால்? போன் பண்ணி விளக்கவும் வழியில்லையே. வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்தார். முதல் வேலையாகக் கணினிப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "மூடி எதுக்கு? காத்து போகட்டும்." வீட்டிலிருந்த ஒரே மேசைக் காற்றாடியை அதற்கு நேராகத் திருப்பி வைத்தார். கணினி குளுகுளுவென்று இருந்தது, நாங்கள் வியர்த்துக் கொட்டினோம். மூன்றாம் நாள் பெட்டிக்குள் ஒரு பல்லி குடிவந்தது. அதை விரட்டலாம் என்றால் மலர் விடவில்லை. நல்ல காரியம் பேசும்போது சரியாகச் சத்தம் கொடுக்கிறதாம்.

அடுத்து விளையாட்டுக்குள் புகுந்தார். நிழல் போயிற்று. புல் போயிற்று. மரங்கள் அட்டை மாதிரி ஆயின. மழை நின்றது. தோட்டத்தில் மருந்தடித்துக் களையெடுப்பது போல ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனார். எண் முப்பத்தைந்துக்கு ஏறியது. எனக்கும் சந்தோஷம்தான், அடுத்த ஞாயிறு வரைக்கும்.

அந்த ஞாயிறு நான் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பாதை அகலமாக, வழவழவென்று, சாம்பல் நிறத்தில் விரிந்தது. நேராக ஓட்டினேன். கார் மூழ்கிவிட்டது. அது ஆறு. தண்ணீரின் பளபளப்பை அண்ணன் எடுத்துவிட்டிருந்ததால் ஆறும் தாரும் ஒரே நிறம்.

"அண்ணே! ஆத்துல விழுந்துட்டேன்!"

"விழு லா. விழுந்தப்பவும் முப்பத்தஞ்சு குறையல பாத்தியா கிராணி?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அன்று ஒன்றைக் கவனித்தேன். முன்னால் போய்விட்ட சிவாவின் கார் திரும்பி வந்து, நான் கரையேறும்வரை ஆற்றங்கரையில் நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். கடைசி இடம் எங்களுக்குத்தான்.

அதோடு விட்டாரா? நான் ஆபீசில் இருந்த ஒரு சாயங்காலம் வந்து, "இருநூறு விதமா எழுத்து வெச்சிருக்கீங்க, எதுக்கு தங்கச்சி?" என்று மலரிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுத்துருக்களை அழித்திருக்கிறார். தமிழ் எழுத்துக்களும் சேர்ந்து போய்விட்டன. மலர் தோட்டத்துக் கோயில் மாதர் குழுச் செயலாளர். மூன்று நாளாகத் திருவிழா அழைப்பிதழ் தட்டிக்கொண்டிருந்தாள். திறந்து பார்த்தால் அம்மன் பேரிலிருந்து அன்னதானம் வரை எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது.

"இந்த ஆள இன்னொரு தடவ வீட்டுக்குள்ள விட்டீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்டுவேன், சொல்லிட்டேன்!" என்றாள் மலர். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "கட்டம் வேகமா லோட் ஆகுதுல்ல?" என்றார்.

நிஜமான வினை அதற்குப் பிறகுதான் வந்தது. எண் ஐம்பத்தேழில் வந்து நின்றுவிட்டது. மூன்று குறைகிறதே என்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மலர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை வந்து ஏதோ செய்துவிட்டு, "ஐம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு நானும் சிவாவும் ஓட்டினோம். கார் பறந்தது. முதல் தடவையாக முதல் இடத்தில் வந்தோம். சிவாவின் கார் என் பக்கத்தில் வந்து நின்றது. ஹாரனுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். சரி, ஜெயித்ததும் துரைக்குத் தலைக்கனம், அவனே அடிக்கவில்லை, நான் மட்டும் எதற்கு அடிக்கவேண்டும் என்று கணினியை மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, ஆள் விளையாட வந்திருந்தால் சிவாவின் பேர் பக்கத்தில் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஆபீசில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். இரண்டாவது ஞாயிறு சும்மா தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த ஒரு கார் என்னை இடித்துவிட்டுப் போனது. ஒரு சத்தமும் இல்லை. செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். என் காரின் இன்ஜின் சத்தத்தை மட்டும் விட்டுவைத்து, மற்ற வண்டிகளின் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்திருந்தார் மகாபாவி.

சிவா ஹாரன் அடித்திருக்கிறான். எத்தனை தடவை அடித்தானோ. நான் கல்லு மாதிரி நின்றுவிட்டு அவன் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் எடை மேடைக்கு ஓடினேன். வரிசையில் ஐந்தாறு லோரிகள் நின்றன. எனக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன்.

"யார கேட்டு சத்தத்த எடுத்தீங்க? அது யாரு கார்னு தெரியுமா உங்களுக்கு? என் தம்பி! ரெண்டு வருஷத்துக்கு மேலா அந்த ஹாரன் தவிர எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. அதையும் கழிச்சுட்டீங்களே அண்ணே, நல்லா இருப்பீங்களா?"

அவர் எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பியா?" என்றார். பின்னாலிருந்த லோரி டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் திரும்பி அந்த லோரிக்கு எடை பார்க்கத் தொடங்கிவிட்டார். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இனி ஜென்மத்துக்கும் இவர் முகத்தில் விழிப்பதில்லை என்று திரும்பி வந்தேன்.

வந்த ஞாயிறு இரண்டரை மணிக்கு வாசலில் அந்த மட்கார்டு இல்லாத மோட்டாரின் சத்தம். நான் எழுந்திருக்கவில்லை. அவரை உள்ளே விட்டால் அம்மா வீட்டுக்குப் போவேன் என்ற என் பழிகாரி மலர்தான், "உள்ள வாங்கண்ணே" என்றாள். அவர் நேராகக் கணினி முன்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். தட்டினார், தட்டினார், அரை மணி நேரம் தட்டினார். மூலையில் அறுபது வந்தது. எங்கள் தோட்டத்தில் எந்தக் கணினியிலும் அதுவரை வராத அறுபது. ஒரு நிமிஷம் கண்கொட்டாமல் அதையே பார்த்தார். அப்போது சிவாவின் பேரில் பச்சை விளக்கு எரிந்தது.

"கூப்புடு கிராணி."

"முடியாது. அவன் கூப்புடட்டும்."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே அழைப்பை அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிவாவும் ஏற்றுக்கொண்டான். அண்ணன் இன்னும் ஏதோ இரண்டு இடத்தில் தட்டினார். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"மறுபடியும் எத எடுத்தீங்க? போதும் லா அண்ணே! அவன் ஹாரன் அடிச்சு நான் பதில் குடுக்காம போய்ட்டேன்னு அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? கல்யாணத்துக்கு வரலன்னு நான்தான் வாய விட்டேன். அவன் என்ன பண்ணுவான், லீவு குடுக்கல. நான்தான் பெரியவன், நான்தான் போன் பண்ணிருக்கணும். என் புத்திய செருப்பால அடிக்கணும்..."

ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப அன்னிக்கு ஹாரன் உனக்குக் கேக்கவே இல்லையா அண்ணே?"

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அணைத்த அந்த மனிதர், தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். என் மைக்கை. மற்ற வண்டிகளின் சத்தத்தையும் திருப்பி முழுசாக வைத்திருந்தார். "கேக்கலடா சிவா" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேனோ தெரியாது. அவன் அழுதான். நானும் அழுதேன். மலர் அடுப்படியில் நின்று அழுதாள். பல்லி வேறு சத்தம் போட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அந்தப் பழைய கணினிக்கு இத்தனை சத்தத்தையும் ஒன்றாகத் தாங்க முடியவில்லை.

"அண்ணே, நம்பர் ஐம்பத்திரண்டுக்கு இறங்கிடுச்சு."

"தெரியும். அத விடு, ரோட்ட பாத்து ஓட்டு லா" என்றார் அறுபது அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தீபாவளிக்குச் சிவா வந்தான். வீட்டுப் படியை மிதித்தான், கையில் எனக்கொரு புதுக் கணினி. அதில் அதே விளையாட்டு நிழலோடும் புல்லோடும் மழையோடும் நூற்றிருபதில் ஓடியது. அண்ணனுக்கு அந்த மாதம் கோலா பிலா பக்கத்து ஆலைக்கு மாற்றல். விடைபெற வந்தவருக்குப் புதுக் கணினியின் மூலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நூத்தியிருபதா? இவ்வளவு எதுக்கு கிராணி? பாதி தேவையில்ல லா."

நான் அவருக்குத் தேத்தண்ணீர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் ஏதோ தட்டியிருக்கிறார். பிறகு அந்த மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். அன்று மழை, முதுகில் செம்மண் கோடு ஏறிக்கொண்டே போனது.

அந்த ஞாயிறு சிவாவோடு ஓட்டும்போதுதான் பார்த்தேன். எண் அறுபதுக்கு மேல் ஏறவில்லை. அதற்குமேல் போகாதபடி பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ரெண்டு கிளிக்ல எடுத்துடலாம் அண்ணே" என்று சிவா வாராவாரம் சொல்கிறான். அறுபதே இருக்கட்டும் என்று நானும் வாராவாரம் சொல்கிறேன்.