இரண்டு நெல் இடுக்கு

"இது கதவா, கள்ளிப்பெட்டி மூடியா? நீங்களே சொல்லுங்க சம்பந்தி!"

"கொஞ்சம் மெதுவா சம்பந்தி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! தெருவும் வந்து அளந்து பாக்கட்டும்!"

தெரு ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கீழ்வேளூரில் கோழிக்குழம்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருகிற தகுதியுள்ள சண்டைகள் அடிக்கடி அமைவதில்லை. சனிக்கிழமை மதியம் அப்படி ஒன்று அமைந்தால், கையைக் கழுவிவிட்டு வருவதா கழுவாமலே வருவதா என்பதுதான் கேள்வி.

உரக்கடை ஜேசுராஜ் வீட்டு வாசலில் புத்தம் புது வெள்ளை பிக்கப் வண்டி, சம்பங்கி மாலையோடு நின்றது. காலையில்தான் அதை வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய் ஃபாதர் கையால் மந்திரித்து வந்தார்கள். தீர்த்தம் தெளித்த தடம்கூட இன்னும் கண்ணாடியில் காயவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ரெமிஜியஸ், வண்டியைச் சுற்றிக் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தார்.

ரெமிஜியஸ் ஓய்வுபெற்ற சர்வேயர். மன்னார்குடிப் பக்கம் அவர் சங்கிலி பிடிக்காத வரப்பு இல்லை. வேலை முடிந்த பிறகும் டேப் மட்டும் அவர் பையை விட்டு இறங்கவில்லை. ஆனால் கதவு இடுக்கில் டேப் நுழைய மறுத்தது. ஆகவே எதிர்வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த நெல்லில் ஒரு கை அள்ளிவந்து, ஒவ்வொரு மணியாகச் செருகிக் காட்டினார்.

"டிரைவர் பக்கம் ஒரு நெல்லு வெச்சா நிக்குது. இந்தப் பக்கம் ரெண்டு நெல்லு வெச்சாதான் நிக்குது. என்ன அர்த்தம்?"

"அது என்ன நெல்லு சம்பந்தி?"

"நெல்லுதான்!"

"இல்ல, பொன்னியா, குண்டா? பொன்னின்னா சன்னமா இருக்கும். ரெண்டு வைக்கத்தான் வேணும்."

உரக்கடைக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். சம்பந்தியிடம் கேட்கவேண்டிய கேள்வி இல்லை.

"அப்ப என் பையனுக்குக் குடுக்குற வண்டியை குண்டு நெல்லு தேடிப் புடிச்சு வந்து அளக்கணுமா? இதை நேராக்கிக் குடுங்க. இல்லேன்னா மூணாவது ஓலையை வாசிக்க விட மாட்டேன்!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை. ஜேசுராஜ் மகள் சான்ட்ராவுக்கும் ரெமிஜியஸ் மகன் அருள்பிரகாஷுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசித்தாக வேண்டும். அது முடிந்த வாரமே கல்யாணம். அதை விட்டால் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் தெரு என்னென்ன காரணம் கண்டுபிடிக்கும் என்பது, அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்து கண்டுபிடித்துப் பழகிய ஜேசுராஜுக்குத் தெரியாதா?

முதலில் இடுக்கைப் பார்த்தது ரெமிஜியஸ்கூட இல்லை. அதுதான் ஜேசுராஜுக்குத் தாங்கவில்லை. சான்ட்ராதான் வெள்ளந்தியாக, "இந்தக் கதவு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கா மாமா, இல்ல எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ரெமிஜியஸ் வரதட்சணை வாங்குகிறவர் இல்லை. இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். "நாங்க ஒரு பைசா கேக்கல. பையன் தண்ணி கேன் ஏஜென்சி வெச்சிருக்கான். ஒரு லோடு வண்டி இருந்தா உங்க பொண்ணுக்குத்தானே சௌகரியம்?" என்றுதான் கேட்டார். நாளைக்குச் சட்டம் கிட்டம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது பாருங்கள், அதற்கும் வழி சொன்னார்: "பொண்ணு பேருலயே எடுத்துடுங்க. அது எப்படி வரதட்சணை ஆவும்?"

சான்ட்ரா அதற்கு முன் வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தவள். எதுவுமே வேண்டாம் என்ற வாத்தியார் மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். நகை கேட்ட பேங்க் மாப்பிள்ளையையும் வேண்டாம் என்றாள். ரெமிஜியஸ் பேசிவிட்டுப் போன அன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். ஜேசுராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி சகாயம்மாளிடம், "மாதா கண்ணைத் தொறந்துட்டாங்கடி" என்றார். நடவு மெஷினுக்குப் பாய் நாற்று வளர்த்து விற்கிற மகள், நாற்றுத் தட்டுகளை ஏற்ற ஒரு வண்டி கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு லோடு வண்டி?" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர்தான் அவர். மாப்பிள்ளைக்கு என்றதும் அதே மனிதர் மறுநாளே கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போனார்கள். வண்டியை ஓட்டியது சான்ட்ரா. ஜேசுராஜுக்கு மொபெட்டுக்கு மேல் ஓட்டத் தெரியாது.

சர்வீஸ் ஆள் கதவைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். "இதெல்லாம் டாலரன்ஸ் சார். எல்லா வண்டியிலயும் ஒரு மில்லி முன்னப்பின்ன இருக்கும்."

"மில்லியெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. ரெண்டு நெல்லு ஒரு நெல்லு ஆவணும்."

அவன் கீலைத் தளர்த்தி, கதவைத் தூக்கி, மறுபடி முடுக்கிக் கொடுத்தான். இடுக்கு ஒரு நெல் ஆனது. ஆனால் வேகம் எடுத்தால் கதவு மேல்மூலையிலிருந்து விசில் வந்தது. மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் தங்களைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தன.

"பரவால்ல, யாருக்கும் தெரியாது" என்று ஜேசுராஜ் சொல்லி வாயை மூடவில்லை, ரெமிஜியஸ் போனில் வந்துவிட்டார்.

"விசில் அடிக்குதாமே? பொண்ணு சொல்லிச்சு!"

ஜேசுராஜ் மகளைப் பார்த்தார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எதையும் மறைக்கக் கூடாதுன்னு பயிற்சி வகுப்புல ஃபாதர் சொன்னாருல்லப்பா?"

ஜேசுராஜ் வேறு ஆள் விசாரிக்கக் கிளம்பினார்.

முதல் ஓலை வாசித்த வாரம் விசிலோடு போயிற்று. அடுத்தது மன்னார்குடி தங்கையன். டிங்கர் வேலையில் பெரிய கை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தார், மல்லாந்து படுத்துப் பார்த்தார், பிறகு டீ சொல்லச் சொன்னார்.

"கதவுல குத்தமில்லண்ணே. கேபினும் பின்னாடி தொட்டியும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்ல. புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குது."

"சரியாக்கிடலாமா?"

"புருஷன் பொண்டாட்டிய நான் கேரண்டி சொல்ல மாட்டேன். வண்டியச் சொல்றேன்."

தொட்டிக்கு அடியில் ரப்பர் துண்டுகளைச் செருகி, ஓங்கி நாலு போட்டார். விசில் நின்றது. ஆனால் பின்கதவு ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. பின்னால் வருகிறவர்களைப் பார்த்து வண்டி வாயைக் கோணிப் பழிப்புக் காட்டுவதுபோல் இருந்தது. அதை மூடுவதற்கு ஒருவர் மேலே ஏறி உட்கார வேண்டும். திறப்பதற்கு ஒருவர் கீழே நின்று உதைக்க வேண்டும்.

இரண்டு வீட்டாருக்கும் பொதுவாக 'திருக்குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அன்று மாலை அதில் பின்கதவின் படம் வந்தது. அனுப்பியது சான்ட்ரா. கூடவே ஒரு வரி: "விசில் நின்னுடுச்சு மாமா. இப்ப இது மட்டும்தான்."

ரெமிஜியஸ் ஒரு சிவப்பு மூஞ்சி பொம்மையை அனுப்பினார். மாப்பிள்ளை அருள்பிரகாஷ் கைகூப்பும் பொம்மையை அனுப்பினான். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அனுப்புவான்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. ஜேசுராஜ் கடையில் யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷைக் கட்டிக் கொடுத்தார். கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று நாகப்பட்டினம் போய் காயாரோகணத்தைப் பிடித்தார். அவர் மீன்பிடிப் படகு கட்டுகிறவர். மோதிக் கோணிய விசைப்படகை எல்லாம் நிமிர்த்தியவர். வண்டியைச் சுற்றிவந்து பெரிய மனதோடு சிரித்தார்.

"பாறையில ஏறுன போட்டையே நேராக்கி விட்டிருக்கேன். இது என்ன சார், மீன்கூடை!"

முன்னால் ஒரு பனைமரம், பின்னால் ஒரு பனைமரம். நடுவில் வண்டியைக் கட்டி, சங்கிலி போட்டு இழுத்தார். வண்டி முனகியது. ஜேசுராஜ் ஜெபமாலை சொன்னார்.

அவிழ்த்துவிட்டுப் பார்த்தால், என்ன அழகு! எங்கே வைத்தாலும் ஒரு நெல். பின்கதவு வாயை மூடிக்கொண்டு ஒழுக்கமாக நின்றது. ஜேசுராஜ் காயாரோகணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம் சார். இடது பக்கக் கதவு உள்ளேருந்து தொறக்காது. வெளியிலேருந்து தொறக்கும்."

"ஐயய்யோ!"

"உள்ளேருந்து எதுக்கு சார் தொறக்கணும்? போட்டுக்கு ஏது கதவு?"

மூன்றாவது ஞாயிறு, ரெமிஜியஸ் மகனோடு காலையிலேயே கீழ்வேளூர் வந்துவிட்டார். வண்டியில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்த பிறகுதான் ஓலையாம். ஜேசுராஜ் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவை மட்டும் இடது பக்கம் உக்கார வெச்சுடாதம்மா. அவரையே ஓட்டச் சொல்லு" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"சரிப்பா" என்றாள். வாசலுக்குப் போய், "நீங்க எதுக்கு மாமா சிரமப்படணும்? ராஜா மாதிரி உக்காருங்க, நான் ஓட்டுறேன்" என்று இடது கதவைத் திறந்து விட்டாள். பெண்ணைக் கொஞ்சம் மரியாதை குறைத்து வளர்த்திருக்கலாம் என்று ஜேசுராஜ் அன்றைக்குத்தான் நினைத்தார்.

பூசைக்கு வந்த கூட்டத்தின் நடுவே வண்டி கோயில் வாசலில் வந்து நின்றது. சான்ட்ரா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, தன் பக்கக் கதவைப் பதமாகச் சாத்தினாள். ரெமிஜியஸ் தன் பக்கக் கைப்பிடியை இழுத்தார். தோளால் இடித்தார். டிரைவர் பக்கமாக நகரப் பார்த்தார். கியர் கம்பி புது வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

கண்ணாடி ஏற்றியிருந்தது, சாவி இல்லாமல் இறங்காது. உள்ளே அவர் வாய் அசைந்தது, கை அசைந்தது, மீசைகூட அசைந்தது. வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. காயாரோகணம் இடுக்கை அவ்வளவு நெருக்கி வைத்திருந்தார்.

"சம்பந்தி என்னமோ சொல்றாரே" என்றார் ஜேசுராஜ்.

"வண்டி புடிச்சிருக்குங்கிறாரு போல" என்று சகாயம்மாள் கைகூப்பித் தலையாட்டினாள்.

உள்ளே அவர் கல்யாணத்தை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சகாயம்மாள் சிரித்தபடி, "சரிங்க, சரிங்க" என்று ஒப்புக்கொண்டாள்.

அருள்பிரகாஷ் ஓடிப்போய் வெளிக் கைப்பிடியை இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது. எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் சான்ட்ரா நிதானமாக வந்து டிரைவர் கதவைத் திறந்தாள். மிச்சமிருந்த வாக்கியம் கோயில் வளாகம் முழுக்கக் கேட்டது.

"...இந்த வீட்டுல பொண்ணெடுக்குறதுக்கு எம் பையன் சாமியாராவே போகட்டும்! ஃபாதர், ஓலை வாசிக்காதீங்க!"

ஃபாதரின் முகம் லேசாகச் சுருங்கியது.

"சம்பந்தி, சம்பந்தி, வேற வண்டி மாத்தித் தர்றேன்" என்று ஜேசுராஜ் பின்னாலேயே ஓடினார்.

"வண்டியை நீங்களே வெச்சுக்குங்க! ஊரு சாட்சியா சொல்றேன், எங்களுக்கு வேண்டாம்!"

சான்ட்ரா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அழாதடி" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை ஊருக்கே தெரியும். அருள்பிரகாஷுக்கு ஈஸ்டர் கழிந்ததும் திருத்துறைப்பூண்டியில் கல்யாணம் ஆனது. அங்கே ரெமிஜியஸ் கார் வாங்கினார், மன்னிக்கவும், அவர்களாகக் கொடுத்தார்கள். கதவை மட்டும் அவர் அளக்கவில்லை என்று கேள்வி. பையன் தண்ணி கேனை விட்டுவிட்டுப் பெண்டாட்டியோடு குவைத் போய்விட்டான். காரை வெயில் படாமல் மூடி வைத்திருக்கிறார்கள்.

இங்கே தங்கையன், தான் செருகியதைக் கழற்றி, காயாரோகணம் இழுத்ததைத் தளர்த்தி, ஒரு காலையில் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். இடுக்கு மறுபடி இரண்டு நெல் ஆனது. குறுவைக்கு நாற்றுத் தட்டுகள் அந்த வண்டியில்தான் ஊர் ஊராகப் போயின. நாற்றுகள் இடுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்படிப் போன இடத்தில் பார்த்த, நடவு மெஷின் வைத்திருக்கும் மன்னார்குடி அமலதாஸ் வீடு தேடி வந்து பெண் கேட்டான். எதுவும் வேண்டாம் என்றான். சான்ட்ரா உடனே சரி என்றாள்.

"எதுவும் கேக்காத வாத்தியாரை அன்னைக்கு வேண்டாம்னியேம்மா?" என்று ஜேசுராஜ் கேட்டார்.

"அப்ப வேறப்பா" என்றாள்.

மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசித்தார்கள். கல்யாணம் முடிந்து தானே வண்டியை ஓட்டிக்கொண்டு மன்னார்குடிக்குக் குடிபோனாள். அடுத்த வாரம் ஜேசுராஜ் மருமகனோடு ஷோரூமுக்குப் போனார். கேட்காத மாப்பிள்ளைக்கு ஏதாவது செய்யாவிட்டால் தூக்கம் வராது அவருக்கு. இன்னொரு வண்டி எடுக்கலாம் என்று. வரவேற்பு மேஜையில் இருந்த பூர்ணிமா என்ற பெண் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"சான்ட்ரா மேடத்தோட அப்பாவா! அவங்கள மறக்க முடியுமா சார்? நீங்க வண்டி எடுக்குறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வந்து வண்டியை ஓட்டிப் பாத்து, கலர்கூடச் சொல்லிட்டு, 'வண்டி கேக்குற மாப்பிள்ளையா தேடிக்கிட்டிருக்கேன், கெடைச்சதும் அப்பாவைக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாங்களே!"